வீட்டுக்குள்ள ஒரு குட்டி ஷிங்கு: ஜீப்ரா பிளெக்கோ வளர்க்க அக்காவின் டிப்ஸ்

"பிளெக்கோதானேக்கா? கண்ணாடியில ஒட்டிக்கிட்டுப் பாசியைத் தின்னுட்டுக் கிடக்கும். அதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?" ஜீப்ரா பிளெக்கோ மேல ஆசைப்படுற தம்பி தங்கைகள்ல பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. கடையில 'டேங்க் கிளீனர்'னு விக்கிற சக்கர் மீனும் இதுவும் ஒரே குடும்பம்தான். ஆனா குணம் முழுக்க வேற. சக்கர் மீன் ஒன்றரை அடி வரைக்கும் வளரும், எந்தத் தண்ணியிலயும் தாக்குப்பிடிக்கும். ஜீப்ரா பிளெக்கோ 8, 9 செ.மீ.யோட நின்னுடும். பாசியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பகல் முழுக்க கல் இடுக்குல ஒளிஞ்சிருந்து, விளக்கை அணைச்ச பிறகுதான் அந்தக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோட வெளியே வரும்.

இதை நல்லா வளர்க்கணும்னா அது எந்த ஊர் மீன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். பிரேசில்ல பாரா மாநிலத்துல, அல்தமிரா நகரத்தைத் தாண்டினதும் ஷிங்கு ஆறு ஒரு பெரிய வளைவு போடுது. சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பகுதிக்கு வோல்தா கிராந்தின்னு பேர். உலகத்துல ஜீப்ரா பிளெக்கோ இயற்கையா வாழுறது அங்க மட்டும்தான். பாறைகளுக்கு நடுவுல சுழிச்சு ஓடுற தண்ணி, வருஷம் பூரா வெதுவெதுப்பு, நிறைய ஆக்ஸிஜன். இந்த மூணையும் நம்பித்தான் அந்த மீன் இருக்கு.

அந்த ஆத்துல பெலோ மோண்டே அணை வேலை 2011-ல தொடங்கி, 2016-ல மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சாங்க. வளைவுக்குப் போக வேண்டிய தண்ணியில 80 சதவீதம் வரைக்கும் கால்வாய்ல திருப்பி விட வழி செஞ்சிருக்காங்க. ஓட்டம் குறைஞ்சா வண்டல் படியும், பாறை இடுக்கு அடைபடும், ஆக்ஸிஜன் குறையும். நம்ம தொட்டியில மோட்டார் நின்னுபோனாலும் இதேதான் நடக்கும். அதனால நான் சொல்லப்போற எல்லா டிப்ஸுக்கும் அடிப்படை ஒண்ணுதான்: மீனை வளர்க்குறதுக்கு முன்னாடி ஓடுற தண்ணியை வளர்க்கப் பழகுங்க.

1. வாங்குறதுக்கு முன்னாடி

பிரேசில் அரசு 2004-லேயே இந்த மீனைப் பிடிக்கத் தடை போட்டுடுச்சு. 2017-ல இருந்து சைட்டீஸ்ங்கிற, அரிய உயிரினங்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தத்தோட பட்டியல்லயும் இருக்கு. ஆனாலும் கடத்தல் நிக்கலை. அதனால தொட்டியிலயே பிறந்து வளர்ந்த மீனை மட்டும் வாங்குங்க. எங்க பிறந்தது, யார் வளர்த்தாங்க, காகிதம் இருக்கான்னு கேளுங்க. பதில் சொல்லத் தயங்குற இடத்துல, விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் வாங்க வேண்டாம். இந்தியாவுல வன உயிர் பாதுகாப்புச் சட்டத்துல 2022-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், சைட்டீஸ் பட்டியல்ல உள்ள உயிருள்ள விலங்கை வீட்டுல வெச்சிருந்தா பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும். குஞ்சு பிறந்தாலும், வேற ஒருத்தருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்கணும். இதை முதல் வேலையா முடிச்சிடுங்க.

பிளெக்கோவே உங்களுக்குப் புதுசுன்னா முதல்ல பிரிசில்நோஸ் பிளெக்கோ வளர்த்துப் பழகுங்க. அதுவும் குகைக்குள்ளதான் முட்டை போடும், அதுலயும் ஆண்தான் காவல் இருக்கும். விலையும் குறைவு.

வாங்கும்போது ஆறு குட்டிகளா சேர்த்து வாங்குங்க. ஆணும் பெண்ணும் கலந்து கிடைக்க அதுதான் வழி. எல்066, எல்333னு எண் போட்டு விக்கிற, அதே பேரினத்துச் சொந்தக்கார பிளெக்கோக்களை அதே தொட்டியில விடாதீங்க. கலப்பினக் குஞ்சு வந்துடும், வம்சம் கெட்டுடும்.

2. தொட்டியும் கல்லும்

உயரம் முக்கியம் இல்லை, தரைப்பரப்புதான் முக்கியம். 3 அடி நீளம், ஒன்னேகால் அடி அகலம், 1 அடி உயரம் இருந்தா சுமார் 100 லிட்டர் பிடிக்கும். ஆறு மீனுக்கு அது போதும். அடியில மெல்லிசா மணல், மேல வழுவழுப்பான ஆத்துக் கல், ஒரு மரத்துண்டு.

கல்லைப் போடுறதுக்கு முன்னாடி அது மேல ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்க. நுரைச்சா அதுல சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம், தண்ணியைக் கடினமாக்கிடும். சிப்பி, பவளத் துண்டு எதுவும் வேண்டாம். ஃபில்டரோட உறிஞ்சுற வாயில ஸ்பான்ஜ் மாட்டுங்க, பின்னாடி குஞ்சு வந்தா உள்ள போய் மாட்டிக்காது.

3. தண்ணி

28-ல இருந்து 30 டிகிரி செல்சியஸ், பிஎச் 6.5-க்கும் 7.5-க்கும் நடுவுல. இதுதான் வசதியான நிலை. அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழ. டெஸ்ட் கிட் வாங்காம இந்த மீனை வாங்காதீங்க. புதுத் தொட்டியை நாலஞ்சு வாரமாவது ஓட விட்டு, ஃபில்டர்ல நல்ல பாக்டீரியா பிடிச்ச பிறகுதான் மீனை விடணும்.

சென்னை மாதிரி ஊர்ல போர் தண்ணி ரொம்பக் கடினம். டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்க. எண் எகிறினா ஆர்ஓ தண்ணியைக் கலந்து இறக்குங்க. வெறும் ஆர்ஓ தண்ணியை மட்டும் ஊத்தாதீங்க. அதுல தாது உப்பே இருக்காது, பிஎச் திடீர்னு சரிஞ்சிடும். குழாய்த் தண்ணின்னா ஆன்டி குளோரின் போட்டுத்தான் ஊத்தணும். வாரத்துக்கு ஒருமுறை 30 சதவீதம் வாட்டர் சேஞ்ச். இதுல சோம்பேறித்தனம் கூடாது.

4. ஓட்டமும் காத்தும்

தண்ணி சூடாக ஆக அதுல ஆக்ஸிஜன் கரையுறது குறையும். 25 டிகிரியில லிட்டருக்கு சுமார் 8.3 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில சுமார் 7.5 தான். இந்த மீனுக்கோ சூடும் வேணும், ஆக்ஸிஜனும் வேணும். அதனால ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒண்ணு, பவர்ஹெட் ஒண்ணு, ஏர் ஸ்டோன் ஒண்ணு கண்டிப்பா ஓடணும். பவர்ஹெட்டை மேல்பரப்பு அலையுற மாதிரி திருப்பி வையுங்க. கீழ, குகை வாசல்களைத் தொட்டுக்கிட்டு ஓட்டம் போகணும்.

கரண்ட் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் வாங்கி வெச்சுக்கோங்க, இல்லைன்னா மோட்டாரை இன்வெர்ட்டர் லைன்ல மாட்டுங்க. சித்திரை வெயில்ல தொட்டி 32 டிகிரியைத் தாண்டினா மூடியைத் திறந்து, தண்ணி மேல ஃபேன் காத்து படுற மாதிரி வையுங்க. ஆவியாகுற தண்ணி சூட்டை இறக்கும். மார்கழி ராத்திரிக்கு ஹீட்டர் வேணும்.

5. சாப்பாடு

இது புலால் விரும்பி. உறைய வெச்ச பிளட்வோர்ம், ஆர்ட்டீமியா, பொடியா நறுக்கின இறால், மூழ்குற நல்ல பெல்லெட். இதையே மாத்தி மாத்திக் கொடுங்க. வெள்ளரிக்காயை எப்பவாவது கடிக்கும், அதை நம்பி இருக்காதீங்க.

விளக்கை அணைச்சு அரை மணி நேரம் கழிச்சுப் போடுங்க. பிளட்வோர்மை உருக்கி, ஊசியில்லாத சிரிஞ்சுல எடுத்து குகை வாசலுக்குப் பக்கத்துல மெதுவா விடுங்க. கூச்சப்படுற மீனுக்கும் பங்கு கிடைக்கும். கெளுத்தி, ஏஞ்சல்னு வேகமாத் தின்னுற மீன்களோட சேர்க்க வேண்டாம். இது போட்டி போடாது, பட்டினி கிடக்கும். காலையில மிச்சம் இருந்தா உறிஞ்சி எடுத்திடுங்க.

6. ஆணா, பெண்ணா?

குட்டியில கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு மூணு வருஷம் ஆகி முதிர்ந்த பிறகு மேல இருந்து பாருங்க. ஆணுக்குத் தலை அகலமா இருக்கும். செவுள் ஓரத்துலயும், பக்கத் துடுப்போட முதல் முள்ளு மேலயும் பொடிப்பொடியா முடி மாதிரி முட்கள் நீட்டிக்கிட்டிருக்கும். பெண்ணுக்குத் தலை சின்னது, துடுப்புக்குப் பின்னாடி வயிறு உருண்டு தெரியும்.

மீனை வலையில பிடிக்காதீங்க. அந்த முட்கள் வலையில சிக்கும், பிரிக்கும்போது காயமாகும். ஒரு டப்பாவுக்குள்ள ஓட்டிப் பிடிங்க.

7. குகைதான் பிரசவ அறை

ஒரு பக்கம் மூடின சுடுமண் குகை வேணும். நீளம் 12-ல இருந்து 15 செ.மீ., உள் அகலம் 3.5-ல இருந்து 4 செ.மீ. ஆண் உள்ள படுத்தா உடம்பு சுவரைத் தொடுற அளவுக்கு இறுக்கமா இருக்கணும். பெரிய குகைன்னா பெண்ணை உள்ள அடைச்சு வெச்சுக்க ஆணால முடியாது, முட்டை நிலைக்காது. கடையில கிடைக்கலைன்னா மண்பாண்டம் செய்யறவங்ககிட்ட அளவு சொல்லி வாங்கலாம். மேல பூச்சோ வர்ணமோ இருக்கக் கூடாது. மீன் எத்தனையோ, அதைவிட ரெண்டு குகை கூடுதலா வையுங்க. சண்டை குறையும்.

8. தொட்டியில மழைக்காலம்

நல்லாச் சாப்பிட்டு, பெண்ணுக்கு வயிறு வெச்சும் முட்டை வரலையா? ஷிங்குல நடக்குறதை இங்க நடத்திக் காட்டணும். அங்க செப்டம்பர், அக்டோபர்ல ஆறு வத்திச் சூடாகும். டிசம்பருக்கு மேல மழை வந்து புதுத் தண்ணி பெருகும்.

அதே மாதிரி ரெண்டு மூணு வாரம் வாட்டர் சேஞ்சைக் குறைச்சு, சூட்டை 30, 31 டிகிரியில வையுங்க. நைட்ரேட் ஏறாம டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருங்க, தீனியையும் கொஞ்சம் குறைங்க. அப்புறம் ரெண்டு மூணு டிகிரி குளிர்ந்த, மென்மையான தண்ணியா 30, 40 சதவீதம் மாத்துங்க. ஓட்டத்தைக் கூட்டுங்க, பிளட்வோர்மையும் இறாலையும் தாராளமாக் கொடுங்க. ஒரு வாரத்துல சில தடவை இப்படிச் செய்யலாம். இளைச்ச மீன், புதுசா வந்த மீன்கிட்ட இதை முயற்சி பண்ணாதீங்க.

9. முட்டை வந்தாச்சா? கையை எடுங்க

ஆண் வாசலை வாலால அடைச்சுக்கிட்டு நாள் கணக்கா வெளியே வரலைன்னா விசேஷம்தான். சிவப்பு செல்லோஃபேன் சுத்தின டார்ச்சைத் தூரத்துல இருந்து காட்டிப் பாருங்க. அவனோட வயித்துக்குக் கீழ, வெந்த ஜவ்வரிசி ஒட்டிக்கிட்ட மாதிரி இளமஞ்சள் முட்டைக் கொத்து தெரியும். பெரும்பாலும் 10-ல இருந்து 15 முட்டைதான் இருக்கும். துடுப்பை ஓயாம அசைச்சு அது மேல தண்ணியை ஓட விட்டுக்கிட்டே இருப்பான். அந்த வேலையை அவனைவிட நல்லா யாரும் செய்ய முடியாது.

குகையைத் தூக்கிப் பார்க்காதீங்க, கல்லை நகர்த்தாதீங்க. முதல் தடவை அப்பாவாகுற ஆண் சில சமயம் முட்டையை வெளியே தள்ளிடும். அப்போ மட்டும் தனி டப்பாவுல அதே தண்ணியை எடுத்து, ஏர் ஸ்டோனை மெதுவா ஓட விட்டு, ஒரு சொட்டு மெத்திலீன் ப்ளூ போட்டு வையுங்க. வெள்ளையாப் பூத்த முட்டையை உடனே எடுத்திடணும். மெத்திலீன் ப்ளூவை மெயின் தொட்டியில ஊத்தாதீங்க, ஃபில்டர் பாக்டீரியா செத்துடும்.

10. குஞ்சு வளர்ப்பு

ஏறக்குறைய ஒரு வாரத்துல பொரியும். குஞ்சு வயித்துல மஞ்சக்கருப் பையோட இருக்கும். அது கரைய இன்னும் பத்து, பன்னெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் தீனி தேவையில்லை, அப்பா கூடவே இருக்கட்டும். பை கரைஞ்சு, பட்டை தெரிஞ்சு, ஒவ்வொண்ணா வெளியே தலை காட்டும்போது மெயின் தொட்டிக்குள்ளயே தொங்குற வலைப்பெட்டிக்கு மாத்துங்க. தண்ணி மாறாது, சத்தான தீனியும் பக்கத்துலயே கிடைக்கும்.

அன்னன்னைக்குப் பொரிச்ச ஆர்ட்டீமியா குஞ்சை நல்ல தண்ணியில அலசி, தினம் ரெண்டு மூணு வேளை கொஞ்சமாக் கொடுங்க. கூடவே பொடிச்ச பெல்லெட். பெட்டியோட அடியைத் தினமும் சுத்தம் பண்ணுங்க. பெரிய மீன் தாங்குற அழுக்கைக் குஞ்சு தாங்காது. வளர்ச்சி ரொம்ப நிதானம். அரை வருஷத்துல ஒரு அங்குலம் வந்தாலே சந்தோஷப்படுங்க. சீக்கிரம் வளரட்டும்னு தீனியைக் கொட்டினா தண்ணி கெடும், அவ்வளவுதான்.

11. கொடுக்கும்போதும் பொறுப்பு

எந்த ஜோடிக்கு, எப்போ, எத்தனை குஞ்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வையுங்க. குஞ்சைக் கொடுக்கும்போது அந்த விவரத்தையும் சேர்த்துக் கொடுங்க. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த குஞ்சுகளே மறுபடி ஜோடி சேராம இருக்க, வேற வளர்ப்பாளர்கிட்ட மீனை மாத்திக்கோங்க. அலுத்துப்போச்சுன்னு எந்த பிளெக்கோவையும் ஏரியிலயோ குளத்துலயோ விட்டுடாதீங்க. விட்டெறிஞ்ச சக்கர் மீன் நம்ம ஊர் நீர்நிலைகள்ல பெருகி, நம்ம நாட்டு மீனோட தீனிக்கும் முட்டைக்கும் எமனா நிக்குது.

ஷிங்குல இருந்து திருட்டுத்தனமாப் பிடிச்சு விக்கிறவங்களுக்கு வியாபாரம் படுக்கணும்னா, தொட்டியில பிறந்த ஆரோக்கியமான குஞ்சு தாராளமாக் கிடைக்கணும். அதுல உங்க வீட்டுத் தொட்டிக்கும் ஒரு பங்கு இருக்கு. அதனால குகையில முட்டை இருக்கான்னு தினம் எட்டிப் பார்க்குற நேரத்துல, மோட்டார் சரியா ஓடுதா, தண்ணி சுத்தமா இருக்கான்னு பாருங்க தம்பி தங்கைகளா. அந்த ரெண்டும் சரியா இருந்தா மத்ததை அந்த மீனே பார்த்துக்கும்.