பேச முடியாத நோயாளிக்காகப் பேசுவது யார்?

ஊரிலிருந்து நோயாளியோடு பொரளைக்கு வரும் எமது குடும்பங்கள் பெரும்பாலும் சந்திக்கும் ஒரு தாள், சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரம். நோயாளி தெளிவாக இருந்தால் அவரே கையொப்பமிடுவார். சிறு பிள்ளையென்றால் தாயோ தந்தையோ இடுவர். நினைவிழந்து கிடக்கும் பெரியவருக்கு யார் இடுவது?

1. உயிர் ஆபத்து வேளை

இவ்வேளையில் வைத்தியர் கையொப்பத்திற்கோ நீதிமன்றத்திற்கோ காத்திருக்கத் தேவையில்லை. உயிரைக் காக்க வேண்டியதைச் செய்யலாம். "ஊரிலிருந்து பெரியவர்கள் வரட்டும்" என்று நாமும் தாமதிக்கலாகாது.

2. நீதிமன்றம் எப்போது?

அவசரமற்ற பெரிய சிகிச்சையில் உறவினர் ஒத்துவராதபோதும், வைத்தியச் செலவுக்கு நோயாளியின் காணியையோ வங்கிப் பணத்தையோ எடுக்க வேண்டியபோதும் நீதிமன்றம் தேவைப்படலாம். மனைவி, மகன் என்ற உறவு மட்டும் அவரது சொத்தைக் கையாளும் உரிமையைத் தராது. சித்தசுவாதீனமற்றவருக்குப் பாதுகாவலரை நியமிக்கும் அதிகாரம் எமது நாட்டில் மாவட்ட நீதிமன்றத்திற்கு உண்டு.

3. அயல்நாட்டு வழக்குகள் இரண்டு

நினைவிழந்தோரின் குடும்பங்கள் முறையிட்டபோது, கேரள உயர் நீதிமன்றம் 2019இல் ஒரு வழிமுறை வகுத்தது. வைத்தியர் குழு நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும்; அரச அதிகாரி விசாரிக்க வேண்டும்; அதன்பின் மனைவியோ பிள்ளையோ பாதுகாவலராகலாம். அவர் நீதிமன்றத்திற்குக் கணக்குக் காட்டவும் வேண்டும்.

மும்பைத் தாதி அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும்வரை படுக்கையிலேயே கிடந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தும்படி ஓர் எழுத்தாளர் மனுச் செய்தார். 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை நிராகரித்தது. பல்லாண்டு பராமரித்த வைத்தியசாலை ஊழியரே அவருக்காகப் பேச உரியவர் என்றது.

இரண்டிலும் பாடம் ஒன்றே: பாதுகாவலர் என்பவர் உடைமையாளர் அல்லர், நோயாளியின் நன்மைக்குப் பொறுப்புக் கூறுபவர்.

4. நாம் செய்யக்கூடியவை

- அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளை வேறாக வைத்திருங்கள். இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் புதிய பிரதிக்கு விண்ணப்பியுங்கள்.
- விளங்காத தாளில் கையொப்பமிடாதீர்கள். தமிழில் விளக்கும்படி கேளுங்கள்.
- நோயாளி முன்னர் தெரிவித்த விருப்பத்தை வைத்தியரிடம் சொல்லுங்கள்.
- நோயாளியின் நிலைபற்றி எழுத்தில் அறிக்கை கேளுங்கள்.
- வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது வீட்டில் ஒருவர் நினைவிழந்தால் அவருக்காக யார் பேசுவார்? அவர் விருப்பம் அந்த ஆளுக்குத் தெரியுமா?
2. நோயாளியின் காணியை விற்க முன் யார் யாரைக் கலந்துகொள்ள வேண்டும்?
3. உறவினர் எவருமற்ற முதியவருக்கு எமது கிராமம் என்ன செய்யலாம்?