ஸ்கீ தெரிந்தவனும் பனி தெரியாதவளும்

தூன்,
கார்த்திகை மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். செர்மாட், வெர்பியே, சென் மொரிட்ஸ், எங்கல்பேர்க். நாலு இடத்துக்கும் ஸ்கீப் பாதை எத்தனை கிலோமீற்றர், லிஃப்ற் எத்தனை, உச்சி எவ்வளவு உயரம் என்று வடிவாக நிரல் போட்டு எழுதியிருக்கிறாய். உன் மனைவிக்கு மட்டும் அதில் ஒரு நிரலும் இல்லை.

நீ இங்கே சுவிஸில் பிறந்து, பள்ளிக்கூடத்து ஸ்கீ முகாமுக்குப் போய் வளர்ந்த பிள்ளை. மிகக் கடினமான கறுப்புப் பாதையிலும் பயமில்லாமல் இறங்குவாய். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இன்னும் ஒரு குளிர்காலத்தையும் முழுதாகக் காணவில்லை. பனியை முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும், பிறகு அதில் நடந்து பழக வேண்டும், சறுக்குவதெல்லாம் அதற்குப் பிறகு. வெள்ளியும் திங்களும் லீவு எடுத்து மூன்று இரவு தங்கி வர இருவருக்கும் ஓரிடம் வேண்டும் என்று கேட்கிறாய். பட்டியலோ நீ தனியாகப் போவதற்குப் போட்டது மாதிரி இருக்கிறது.

நான் மலை ஹோட்டலில் அறை துப்புரவாக்கிய காலத்தில் இப்படியான சோடிகளை நிறையக் கண்டேன். காலையில் கதவைத் தட்டினால் மனுசன் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு எப்போதோ போயிருப்பான். மனுசி கட்டில் ஓரத்தில் போனோடு இருப்பாள். என்னைக் கண்டதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழும்பிக் கீழே வரவேற்பறைக்குப் போய் இருப்பாள். பின்னேரம் அவன் முகம் சிவந்து, சந்தோசமாக, களைத்துப்போய் வருவான். இரவுச் சாப்பாட்டோடு கண் சொருகிவிடும். சண்டை ஒன்றும் நடந்திருக்காது. ஆனாலும் திங்கட்கிழமை அறையைக் காலி செய்யும்போது அவள் முகத்தைப் பார்த்தால் உனக்கே விளங்கும். அவன் கெட்டவன் இல்லை, இடத்தைத்தான் தனக்கு மட்டும் பார்த்து எடுத்துவிட்டான்.

ஆகவே ஒவ்வொரு இடத்தையும் நான் ஒரே கேள்வியால்தான் அளப்பேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, நீ மேலிருந்து சறுக்கி வரவும் அவள் ஸ்கீ இல்லாமல் தனியாக வரவும், இருவரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட முடியுமா?

இந்தக் கேள்விக்கு முன்னால் வெர்பியே நிற்காது. நல்ல ஸ்கீக்காரருக்குப் பெரிய மைதானம்தான். மோன் ஃபோர் உச்சி 3,330 மீற்றர், பக்கத்துப் பள்ளத்தாக்குகளோடு சேர்த்தால் பாதை நானூறு கிலோமீற்றரளவு. ஆனால் சரிவுகள் கடினம், இரவு ஆட்டபாட்டம் கூட. உன் நண்பர்களோடு போய் வா. எங்கல்பேர்க்குக்கு ஒரு நாள் போய் வரலாம். டிட்லிஸ் கேபிள் காரில் உல்லாசப் பயணிகள் கூட்டம் எந்நாளும் இருக்கும், அதற்குள் நின்று வரிசையில் தள்ளுப்படுவதற்கு மூன்று இரவுக் காசு தேவையில்லை. சென் மொரிட்ஸுக்குப் போகும் ரயில் பாதை உலகமே பார்க்க வருகிற பாதை; அல்புலாத் தடத்தை யுனெஸ்கோ 2008இல் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஊர் பெரிய பணக்காரரின் ஊர், அவளுக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கே இருந்தது.

செர்மாட்டைச் சும்மா தள்ள மாட்டேன். கார் ஓடாத ஊர், கீழே டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ரயிலில்தான் ஏற வேண்டும். 1898இல் ஓடத் தொடங்கிய கோர்னர்கிராட் ரயில், ஸ்கீ தெரியாத ஆளையும் 3,089 மீற்றருக்குக் கொண்டுபோய் மாட்டர்ஹோர்னுக்கு நேரே இறக்கிவிடும். என் கேள்வியில் தேறுகிற இடம்தான். ஆனால் நீங்கள் இருக்கும் சூரிச்சிலிருந்து மூன்றே கால் மணித்தியாலம், விலையும் மலை உயரம். அதை உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு வைத்துக்கொள். ஏப்ரலில் தாழ்ந்த ஊர்களில் பனி கரைந்துவிடும், அங்கே இருக்கும். இன்னும் இரண்டொரு வருசத்தில் அவளும் சறுக்கப் பழகியிருப்பாள்.

என் முதல் தெரிவு வெங்கன்.

லவுட்டர்புருனனில் இறங்கிப் பற்சக்கர ரயில் ஏறினால் கால் மணித்தியாலத்தில் ஊர். காருக்கு ரோட்டே இல்லை. ஹோட்டல்காரர் சின்ன மின்வண்டியில் வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போவார்கள். சூரிச்சிலிருந்து வீட்டுக் கதவு தொடக்கம் மூன்று மணித்தியாலமளவு என்று வை. வெள்ளி காலை வெளிக்கிட்டால் மத்தியானம் ஜன்னலில் யுங்ஃபிராவ் நிற்கும். 4,158 மீற்றர் மலை, ஆனால் அவ்வளவு கிட்டத்தில் நிற்கிறபடியால் கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும். கீழே லவுட்டர்புருனன் பள்ளத்தாக்கு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கிடக்கும். ஸ்டவ்பாக் அருவி முந்நூறு மீற்றரளவு உயரத்திலிருந்து விழும், குளிர் கூடின நாட்களில் பாறையோரமெல்லாம் உறைந்து தொங்கும்.

நான் வெங்கனைச் சொல்வதற்கு மலையழகைவிட ரயில்தான் காரணம். 1893இலிருந்து ஓடுகிற வெங்கர்னல்ப் ரயில், ஸ்கீப் பாதைகளுக்கு நடுவால் ஏறி 2,061 மீற்றரில் இருக்கும் கிளைன ஷைடெக்குக்குப் போகிறது. சப்பாத்துப் போட்டவரும் ஸ்கீ போட்டவரும் ஒரே பெட்டியில்தான் ஏறுவார்கள். காலையில் நீ உன்பாட்டுக்கு லவுபர்ஹோர்ன் மலைப் பக்கம் இறங்கி ஏறு. கிரிண்டல்வால்ட் பக்கத்தோடு சேர்த்தால் நூறு கிலோமீற்றரளவு பாதை இருக்கிறது, உனக்குக் காணும். அவள் பதினொன்றரைக்கு ஊரில் ரயில் எடுத்து, ஜன்னலோரம் இருந்து வந்து, ஐகர் மலையடியில் உன்னோடு றோஸ்டி சாப்பிடலாம். காற்று அடித்தால் கேபிள் கார்களை நிறுத்திவிடுவார்கள். அப்படி நாளிலும் இந்த ரயில் பெரும்பாலும் ஓடும். பழகாத பிள்ளைக்கு அது ஒரு தெம்பு.

முதன்முதல் சறுக்கிப் பழகுகிற சரிவும் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. விழுந்து எழும்பி அலுத்தால் நடந்து அறைக்கு வரலாம். பல ஊர்களில் பழகும் இடம் மலையுச்சியில், கேபிள் காருக்குக் காசு கட்டி ஏறிப் போய்த்தான் விழ வேண்டும். கொஞ்சம் பிடிபட்ட பிறகு மென்லிஷனுக்குக் கேபிள் காரில் ஏறினால் கிரிண்டல்வால்ட் பக்கம் அகலமான, இலகுவான நீலப் பாதைகள் உண்டு.

யுங்ஃபிராவ்யோக்குக்கும் அங்கிருந்து ரயில் போகிறது. அது ரிக்கெற் விலை கூடின இடம், 3,454 மீற்றர் உயரம். முதல் நாளே அவளைக் கூட்டிக்கொண்டு ஏறாதே, தலையிடிக்கும், மூச்சு வாங்கும். உறவுக்காரர் ஊரிலிருந்து வரும்போது எப்படியும் கூட்டிக்கொண்டு போகத்தானே வேண்டும்.

வெங்கனில் குறை ஒன்று இருக்கிறது. ஊர் 1,274 மீற்றரில்தான் இருக்கிறது. குளிர் குறைந்த வருசங்களில் ஊர்ச் சரிவில் புல் தெரியும். இயந்திரத்தால் பனி தூவுவதற்கும் குளிர் வேண்டும். போவதற்குப் பத்து நாளுக்கு முன் இணையத்தில் ஊர்க் கமெராவில் பார். புல் தெரிந்தால் பெட்மரல்ப் போ.

பெட்மரல்ப் வாலிஸ் மாநிலத்தில், 1,950 மீற்றரளவில் இருக்கும் மேட்டுக் கிராமம். பெட்டன் நிலையத்தில் ரயிலை விட்டிறங்கி அங்கேயே கேபிள் கார் ஏற வேண்டும். அங்கேயும் கார் இல்லை. தெருவே பனிதான், சனம் சாமான் பையைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு கடையிலிருந்து வீட்டுக்குப் போவார்கள். பெட்மர்ஹோர்னுக்குக் கேபிளில் ஏறினால் ஆல்ப்ஸ் மலையிலேயே நீளமான அலெட்ச் பனியாறு, இருபது கிலோமீற்றரளவு, காலடியில் தெரியும். ஸ்கீ தெரியாதவரும் ஏறலாம். ஊரில் ஒரு வெள்ளைச் சிறு கோயில் இருக்கிறது, 1679இல் கட்டியது, பனி மாதாவுக்கு. தூத்துக்குடியில் வெயிலுக்குள் இருக்கிற பனிமய மாதாவும் அவதான். இரவு எட்டு மணிக்குப் பிறகு அந்த ஊரில் ஒன்றும் இல்லை. சிலருக்கு அது குறை. உங்களுக்கு அப்படி இராது என்று நினைக்கிறேன்.

இனி நாள். காதலர் தினத்துக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் ராசா. பெப்ரவரியில் மாநிலம் மாநிலமாகப் பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டு விடுமுறை. அதோடு ஒல்லாந்துக்காரரும் இங்கிலாந்துக்காரரும் பிள்ளைகளோடு வந்து நிறைவார்கள். பல ஹோட்டல்கள் கிழமைக் கணக்கில்தான் அறை கொடுக்கும், மூன்று இரவு கேட்டால் இல்லை என்பார்கள். ஜனவரி நடுவில், எங்களுக்குப் பொங்கல் வருகிற நேரம், வெங்கனில் லவுபர்ஹோர்ன் ஸ்கீ ஓட்டப் போட்டி. 1930இலிருந்து நடக்கிறது, நாலரைக் கிலோமீற்றரளவு இறக்கம். ஊரில் ஊசி போட இடமிராது. ஜனவரியில் டாவோசில் உலகப் பொருளாதார மாநாடு, அந்தக் கிழமை அந்தப் பக்கமே நினையாதே. பனி எல்லா இடமும் நல்லாக இருக்கும் என்பதற்காக ஜனவரி கடைசியில் போகலாம்தான். ஆனால் அந்தக் குளிர் அவளுக்குக் கூடிப்போகும். மார்ச் முதல் பாதியை எடு. பகல் நீளும், வெயிலில் கதிரை போட்டு வெளியில் இருக்கலாம். பின்னேரம் பனி இளகிக் கஞ்சியாகும், பழகுகிறவருக்குக் கால் இழுக்கும். பாடத்தைக் காலையில் வைத்துக்கொள்.

பாடம் என்றது, நீ சொல்லிக்கொடுப்பதை அல்ல. இதில் மட்டும் நான் பிடிவாதம். மனுசிக்கு ஸ்கீ பழக்கிய மனுசன்மார் மலையில் கத்துகிற சத்தத்தை நான் ஹோட்டல் பல்கனியில் படுக்கை உதறும்போது கேட்டிருக்கிறேன். ஸ்கீப் பள்ளியில் தனி ஆசிரியரை இரண்டு காலை நேரத்துக்கு முன்கூட்டியே எடு. கூட்டு வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறோ திங்களோ தொடங்கி ஒரு கிழமை போகும், உங்களுக்குப் பொருந்தாது. ஆசிரியர் பெண்ணாக வேண்டுமென்றால் கேள், கூச்சப்படாதே. முதல் நாள் அவளுக்கு முழு மலைக்கும் லிஃப்ற் அட்டை வாங்கிக் காசைக் கொட்டாதே, பழகும் சரிவுக்கு மட்டும் வாங்கு. அந்த நேரம் நீ சரிவின் கீழே நின்று வீடியோ எடுக்காதே, உன்பாட்டுக்குப் போய்ச் சறுக்கு. அவள் விழுவதை நீ பார்க்கவில்லை என்றால் அவள் சிரித்துக்கொண்டு எழும்புவாள். சறுக்குவது தனக்கு ஒத்துவராது என்று இரண்டாம் நாள் சொன்னால் சரி என்று விடு.

உடுப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜீன்ஸோடு கூட்டிக்கொண்டு போகாதே, நனைந்தால் விறைத்துவிடும். ஸ்கீ, சப்பாத்து, ஹெல்மெற் எல்லாம் அங்கே வாடகைக்கு எடுக்கலாம். காற்சட்டையும் மேலங்கியும் என் மகளிடம் இருக்கிறது, அளவு சரிவரும். ஸ்கீச் சப்பாத்துக்குள் ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை. குளிரும் என்று இரண்டு போட்டால் இரத்தம் ஓடாமல் இன்னும் குளிரும். கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று இருவரும் நினைக்காதீர்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் எண்பது வீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். கிறீமும் கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

அறையைப் பற்றி நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? இந்த நாட்டு ஹோட்டலில் இருவர் கட்டில் என்றால் அனேகமாக இரண்டு ஒற்றை மெத்தையைச் சேர்த்துப் போட்டு, இரண்டு தனிப் போர்வை மடித்து வைத்திருப்பார்கள். நடுவில் பள்ளம் இருக்கும், நான் எத்தனை தரம் இழுத்து விரித்தும் அது போகாது. பதிவு செய்யும்போது «கிராண்ட் லி» வேண்டும் என்று எழுதிக் கேள், முழு மெத்தை தருவார்கள். மலை பார்க்கும் பக்கமா என்றும் கேள். இரவுச் சாப்பாட்டோடு எடுத்தால் வசதி. அவள் மாடு சாப்பிடமாட்டாள் என்பதை முன்பே சொல்லிவிடு. ஃபொண்டூவில் வைன் விடுவார்கள், அதையும் அவளுக்குச் சொல்லிவை. பையில் ஒரு போத்தில் மிளகாய் ஊறுகாய் இருக்கட்டும்.

காப்புறுதி முக்கியம். நீ வேலை செய்கிறபடியால் வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் உனக்குக் காப்புறுதி இருக்கிறது. அவள் இன்னும் வேலைக்குப் போகவில்லை, அவளுடைய மருத்துவக் காப்புறுதியில் விபத்தும் சேர்ந்திருக்கிறதா என்று பார். அடிப்படைக் காப்புறுதி, மீட்புச் செலவில் பாதியைத்தான், அதுவும் வருசம் 5,000 பிராங் வரைதான் தரும். இருவருக்குமாக ரேகா ஹெலிகொப்டர் சேவைக்கு வருசச் சந்தா கட்டிவிடு, 1414 என்ற இலக்கத்தைப் போனில் போட்டுவை. பாதையில் முன்னால் போகிறவருக்குத்தான் முதலுரிமை, பின்னால் வேகமாக வருகிற நீதான் விலக வேண்டும். மூடிய பாதைக்குள் உன் நண்பர்கள் நுழைந்தாலும் நீ நுழையாதே. இன்னொன்று, வேறு ஏதும் விசேசம் என்றால், நாள் தள்ளிப்போயிருந்தால், ஸ்கீயும் வேண்டாம், சறுக்கு வண்டியும் வேண்டாம். அதை அவளிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் ஞாயிறு பின்னேரம் ஸ்கீயை வைத்துவிட்டு, வெங்கர்னல்ப் நிலையத்திலிருந்து வெங்கனுக்கு இருவருமாகச் சறுக்கு வண்டியில் இறங்குங்கள். அதற்குப் பழக்கம் வேண்டாம், அவள் பின்னால் இருந்து உன்னைப் பிடித்தால் காணும். வண்டிக்கு வாடகை கட்டாதே. என்னுடைய பழைய டாவோஸ் வண்டி நிலவறையில் கிடக்கிறது, இருவர் தாராளமாக இருக்கலாம். வருகிற சனி வந்து எடுத்துக்கொண்டு போ, அப்படியே அவளையும் கூட்டிக்கொண்டு வா. பிரேக் இல்லாத வண்டி, கால்தான் பிரேக், ஆகவே கணுக்காலை மூடுகிற சப்பாத்து இருவருக்கும் வேண்டும்.

அன்புடன்,
சின்னம்மா