நாகஸ்வரம் பிசிறாமல் ஒலிக்க

கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) நாகஸ்வரத் தட்டு ஒன்று கையில் இருக்கிறதா? டர்ன்டேபிளில் முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று அறிய அதைவிட நல்ல சோதனை கிடையாது. முள் சற்றே கோணலாக நின்றாலும் உச்சஸ்தாயியில் கரகரத்துவிடும்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் நிற்கும் வீட்டின் தரையும் ஏறி இறங்கும். ஆகவே முதல் வேலை ரசமட்டம். சுழல்மேடையில் வைத்து, இரு திசையிலும் குமிழி நடுவே நிற்கும்வரை கால்களைத் திருகுங்கள். கார்த்திகை மழை ஓய்ந்ததும், மறுபடி சித்திரையிலும் இதைப் பாருங்கள்.

மின்சாரத்தை அணைத்து, முள்ளுக்கு உறை மாட்டிவிட்டு, கார்ட்ரிட்ஜை டோன்ஆர்ம் எனும் கையின் நுனியிலுள்ள ஹெட்ஷெல்லில் இரண்டு திருகுகளால் தளர்வாகப் பிடியுங்கள். இனி நான்கு வயர்கள்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ். சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். சிறு இடுக்கியால் செருகினால் போதும். அங்கே சால்டரிங் கூடவே கூடாது, உள்ளே இருக்கும் சுருள் கருகிவிடும்.

இனி எடை. உறையைக் கழற்றி, டோன்ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை ஈடுசெய்யும் ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, டோன்ஆர்ம் தானாக மிதக்கும்வரை பின்எடையைத் திருகுங்கள். அந்த இடத்தில் எண்வளையத்தைப் பூஜ்யமாக்கி, தயாரிப்பாளர் சொன்ன கிராமுக்குக் கொண்டுவாருங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறானது. பிடிப்பில்லாத முள் பள்ளத்தின் சுவர்களில் மோதி மோதி அவற்றைச் சிதைக்கும்.

பொறுமை வேண்டியது அடுத்த கட்டத்தில்தான். தட்டை வெட்டிய முள் நேர்கோட்டில் நகர்ந்தது. நம் டோன்ஆர்மோ வில்போல வளைந்து செல்கிறது. அதனால் இரண்டே இடங்களில்தான் முள் பள்ளத்துக்கு முழுக்க நேராக நிற்க முடியும். கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கப் பரவலாகப் பயன்படும் அளவுமானித் தாளில் அவை மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. அளவுமானியை நூறு சதவீத அளவில் அச்சிட்டு, ஸ்கேலால் சரிபாருங்கள். இரு புள்ளிகளிலும் முள்தண்டு கோடுகளுக்கு இணையாக வரும்வரை கார்ட்ரிட்ஜை முன்பின் நகர்த்தி, திருப்பி, பிறகு இறுக்குங்கள். இறுக்கியபின் எடையை மறுபடி பாருங்கள், மாறியிருக்கும். இதில் சோம்பல்பட்டால் தட்டின் உட்பகுதியில் இசை கரகரக்கும்.

பக்கவாட்டில் பார்த்தால் டோன்ஆர்ம் தட்டுக்கு இணையாகவும், முன்னிருந்து பார்த்தால் முள் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். ஆன்டி-ஸ்கேட்டை எடையின் எண்ணிலேயே வையுங்கள். வலது ஸ்பீக்கர் மட்டும் பிசிறினால் கொஞ்சம் கூட்டுங்கள்.

பழைய 78 சுழற்சி அரக்குத் தட்டுகளுக்கு எல்பி முள் உதவாது. அதன் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78 தட்டுக்கு 76 மைக்ரான் தேவை. சிறிய முள் பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கையே உரசும். விஎம்95 உடலில் 78க்கான எஸ்பி முள்ளை அப்படியே மாட்டலாம். எடை 5 கிராம். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், கரைந்துபோகும்.

ஆடிக் காற்றில் புழுதி எங்கும் ஏறும். மூடியைத் திறந்து போடாதீர்கள். ஒவ்வொரு பக்கம் ஓடியபின்னும் முள்ளை மெல்லிய தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டும் தடவிவிடுங்கள்.