நோட்டீஸ் மேல் நோட்டீஸ்: தைராய்டு என்ன சொல்கிறது?



சில வருடங்களுக்கு முன்பு வேப்பந்தட்டை பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு உறுப்பினர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை, சேமிப்பும் கட்டவில்லை. "கேட்டா அசதியா இருக்குங்கிறா மேடம். நமக்கெல்லாம் அசதி இல்லையா? வெங்காயம் நடவும் பருத்தி எடுப்பும் நாம பாக்கலையா?" என்றார் ஊக்குநர். அபராதம் போட்டுத் தீர்மானம் எழுதினார்கள். அந்தத் தீர்மானப் புத்தகத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

பிறகு ஒருநாள் கிராம சுகாதார செவிலியர் அந்தச் சகோதரியைப் பார்த்தார். முகம் உப்பியிருந்தது. குரல் கரகரத்தது. மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகம். உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த முடிவு, தைராய்டு குறைபாடு. அது சோம்பல் இல்லை, நோய். அன்றைக்கு "என்ன செய்யுது?" என்று ஒரு வார்த்தை நாங்கள் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மாதப் பாடம் ஹார்மோன் பற்றி.

ஹார்மோன் என்றால் என்ன?

வேர்வைச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி எல்லாம் சின்னக் குழாய் வழியாகத் தன் நீரை வெளியே விடும். இன்னொரு வகைச் சுரப்பிக்குக் குழாய் கிடையாது. சுரப்பதை நேராக ரத்தத்தில் கலந்துவிடும். இதைத்தான் நாளமில்லாச் சுரப்பி என்கிறோம். அது சுரப்பதுதான் ஹார்மோன். ரொம்பக் கொஞ்சம்தான் சுரக்கும், ஆனால் ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போய் "இந்த வேலையைச் செய்" என்று சொல்லும்.

• கணையம்: இன்சுலின் சுரக்கும். ரத்தத்தில் உள்ள சர்க்கரை உடம்பின் செல்களுக்குள் போக வழி திறந்துவிடும். இது குறைந்தாலும், சரியாக வேலை செய்யாவிட்டாலும் சர்க்கரை நோய்.
• அட்ரினல்: சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும். பாம்பைக் கண்டதும் நெஞ்சு படபடவென்று அடித்து ஓட வைக்கிறதே, அது இதன் வேலை.
• சினைப்பை: மாதவிலக்கு, கர்ப்பம் இரண்டுக்கும் வேண்டிய ஹார்மோன்களைச் சுரக்கும்.
• தைராய்டு: முன்கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும். உடம்பு எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதை இது தீர்மானிக்கும்.

உடம்புக்குள் ஒரு கூட்டமைப்பு

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி உண்டு. அது நம் கூட்டமைப்பு மாதிரி. தைராய்டு ஒரு குழு மாதிரி. "ஹார்மோன் அனுப்பு" என்று பிட்யூட்டரி ஒரு நோட்டீஸ் அனுப்பும். அந்த நோட்டீஸின் பெயர்தான் டி.எஸ்.எச். தைராய்டு ஒழுங்காக வேலை செய்தால் நோட்டீஸ் அளவோடு நிற்கும். வேலை குறைந்தால் கூட்டமைப்பு நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்பும். அதனால்தான் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். கூடியிருந்தால், பெரும்பாலும் தைராய்டு குறைவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். "கூடுதலா இருக்குன்னு எழுதியிருக்கே, அப்புறம் ஏன் குறைபாடுங்கிறாங்க?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பதில் இதுதான்.

அறிகுறிகள்

தீராத அசதி, தூக்கம், எடை கூடுதல், குளிர் தாங்க முடியாமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், தோல் வறட்சி, மாதவிலக்கில் மாற்றம். இவை ரத்தசோகையிலும் வரலாம். அதனால் நாமே முடிவு செய்யாமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

உப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தைராய்டு ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும். அது கிடைக்காவிட்டால், நோட்டீஸுக்குப் பயந்து கூடுதலாக உழைத்து உழைத்துச் சுரப்பி வீங்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை. இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் கழலை மிக அதிகமாக இருந்தது. 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசாமி குழுவினர் அங்கே அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வருடங்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அயோடின் கலக்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்பது 2006 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். 70 வருடம் வாழ்ந்தாலும் மொத்தம் 4 கிராமுக்குள்தான்! கர்ப்பிணிகளுக்குக் கூடுதலாக வேண்டும். கருவின் மூளை வளர ஆரம்ப மாதங்களில் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம்.

"கல்லுப்பு கடல்லேருந்துதானே வருது, அதுல அயோடின் இருக்காதா?" என்று செந்துறையில் ஒரு அம்மா கேட்டார். கடல் நீரிலேயே அயோடின் மிகக் குறைவு. உப்பாக விளையும்போது அதில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. அதனால் பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். மூடிய டப்பாவில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். சமையல் முடியும்போது போடுங்கள்.

ஆனால் ஒன்று. தைராய்டு குறைபாடு எல்லாமே அயோடின் இல்லாமல் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலும் நிறையப் பேருக்கு வருகிறது. அவர்களுக்கு உப்பைக் கூட்டினால் சரியாகாது, ரத்தக் கொதிப்புதான் வரும். மாத்திரைதான் மருந்து.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

1. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபி, டீ, சாப்பாடு வேண்டாம்.
2. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.
3. உடம்பு தேறியதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தேறியதே மாத்திரையால்தான்.
4. கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்ட வேண்டி வரலாம்.

அந்தச் சகோதரி மாத்திரை ஆரம்பித்துச் சில மாதங்களில் தேறிவிட்டார். இப்போது கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து பாய் விரிக்கிறார். அபராதத்தைத் திருப்பிக் கொடுக்கக் குழுவே தீர்மானம் போட்டது. அதிலும் நான் கையெழுத்துப் போட்டேன்.

குழுவில் கலந்து பேச:
• நம் குழுவில் அடிக்கடி வராதவர் யார்? அவர் வீட்டுக்குப் போய் உடம்பைப் பற்றி விசாரித்தோமா?
• அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டு உப்புப் பாக்கெட்டைக் கொண்டு வாருங்கள். அயோடின் உப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதுங்கள்.