வளர்ப்பறையும் ஈரப்பதனும்

அறையினுள்ளே தாவரம் வளர்ப்போர் ஒளி, நீர், பசளை என்னும் மூன்றிலும் கருத்தூன்றுவர். கண்ணுக்குப் புலனாகாத நீராவியைப் பற்றிப் பலர் எண்ணுவதில்லை. பல வாரம் பேணிய நாற்றுக்கள் சில நாளிற் பூஞ்சணம் பற்றி அழுகுதற்கு அவ்வாவியே காரணமாதல் உண்டு.

லண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட் என்பார், 1829 ஆம் ஆண்டில், மூடிய போத்தலொன்றினுள் ஈரமண்ணிட்டு அதில் ஒரு கூட்டுப்புழுவை வைத்தார். பகல் வெம்மையில் எழுந்த ஆவி கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணையடைவதையும், அம்மண்ணிற் பன்னமும் புல்லும் தாமே முளைத்ததையும் கண்டார். இவ்வவதானத்தின் பயனாகத் தோன்றியதே வார்டியன் பெட்டி. 1876 ஆம் ஆண்டில் கியூ பூங்காவிலிருந்து ஏறக்குறைய 1,900 இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்ததும் இத்தகைய பெட்டிகளிலேயாம்.

வார்டின் பெட்டியில் ஈரம் வெளியேறாது சுழன்றது. இன்றைய வளர்ப்பறையிலோ விளக்கு சூடாக்குகின்றது. குளிரூட்டி ஈரத்தை வாங்குகின்றது. இலைகள் ஆவியுயிர்ப்பினால் இடையறாது நீரைச் சேர்க்கின்றன. ஆதலின் ஈரப்பதன் ஒருநிலைப்படாது ஏறியிறங்கும்.

ஈரமானி காட்டுவது சாரீரப்பதனையே. அஃதாவது, காற்றுக் கொள்ளக்கூடிய ஆவியில் எத்தனை வீதம் அதனிடத்து உள்ளது என்பதாம். கொள்ளக்கூடிய அளவோ வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு கன மீற்றர் காற்று 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 17 கிராமும், 25 பாகையில் 23 கிராமும், 30 பாகையில் 30 கிராமும் நீராவி கொள்ளும்.

இதனின்று இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, ஒரே வீதம் எப்போதும் ஒரே பொருள் தருவதன்று. 70 வீதத்தில் நிற்கும் காற்று, 20 பாகையில் இன்னும் 5 கிராம் ஆவியையும், 30 பாகையில் 9 கிராமையும் ஏற்க வல்லது. இவ்வெற்றிடமே இலையினின்று நீரை இழுப்பது. இது மிகுந்தால் இலைவாய்கள் மூடி, காபனீரொட்சைட்டு உட்புகாது வளர்ச்சி தடைப்படும். மிகக் குறைந்தால் நீரோட்டம் தளர்ந்து கல்சியம் இளந்தளிரை அடையாது. சலாது இலையின் ஓரங் கருகுவது இதனாலேயாம்.

இரண்டாவது, ஈரம் சிறிதும் சேராமலே ஈரப்பதன் உயரலாம். 25 பாகையில் 80 வீதமுள்ள காற்றில் 18 கிராம் ஆவியுண்டு. விளக்கணைந்து வெப்பநிலை 20 பாகைக்கு வீழின், 17 கிராமுக்கு மேற்பட்டது இலைமேற் பனியாய்ப் படியும். பூஞ்சண வித்திகள் முளைத்தற்கு அந்நீரே போதும்.

ஆகவே வளர்ப்போர் கவனிக்க வேண்டியன சிலவுள. விளக்குகளை ஒருங்கே அணையாது ஒவ்வொன்றாய் அணைத்தல் வேண்டும். நீரை விளக்கேற்றும் வேளையில் ஊற்றுக. அணைக்கும் வேளையில் ஊற்றற்க. இலைகளிடையே காற்று மெல்ல அசையும்படி மின்விசிறியை இரவிலும் இயங்க விடுக. ஈரமூட்டியும் ஈரமகற்றியும் ஒன்றோடொன்று போராடாதிருக்க, முன்னையதை 60 வீதத்திலும் பின்னையதை 70 வீதத்திலும் தொடங்குமாறு அமைத்து, இடைவெளி விடுதல் நன்று.

ஈரத்தைப் போக்கச் சாளரத்தைத் திறப்பதும் எப்போதும் உதவாது. நம் மாரிக்காலக் காற்று 27 பாகையில் 85 வீதமாயின், அதில் 22 கிராம் ஆவியுண்டு. 22 பாகைக்குக் குளிர்ந்த அறைக்காற்றோ 19 கிராமுக்குச் சற்றே மேலாக மட்டும் கொள்ளும். சாளரந் திறந்தவர் ஈரத்தை வெளியேற்றவில்லை, உள்ளே அழைத்தவராவர்.

இவையெல்லாம் அளவீட்டின் செம்மையைப் பொறுத்தன. ஈரமானியை இலைமட்டத்தில், விளக்கொளி நேரே படாதவாறு வைத்தல் வேண்டும். அது மெய் சொல்கின்றதா என்பதை மாணவர் எளிதிற் சோதிக்கலாம். கறியுப்பிற் சிறிது நீர் விட்டு, கரையாத உப்பும் எஞ்சியிருக்கக் குழைத்து, இறுக மூடிய பாத்திரத்தில் ஈரமானியுடன் வைக்க; நீர் கருவியிற் படலாகாது. பத்து மணி நேரத்தின் பின், 25 பாகையளவில், அது 75 வீதங் காட்டல் வேண்டும். வேறுபடின் அவ்வேறுபாட்டைக் குறித்துவைத்து, பின்னர் எடுக்கும் அளவீடுகளைத் திருத்திக் கொள்க.

பகலில் ஒருமுறை பார்த்து மனநிறைவு கொள்வோர் பாதியையே அறிந்தோராவர். விளக்கணைந்த பின்னுள்ள முதல் ஒரு மணி நேரத்தைக் குறித்துப் பழகுக. வளர்ப்பறையின் நலமுங் கேடும் பெரும்பாலும் அவ்வேளையிலேயே தீர்மானிக்கப்படுகின்றன.