தீப்பெட்டிப் பாடமும் ஒரு மோட்டார் வண்டியும்

தீப்பெட்டியைப் படுக்கவைத்து அதன் மேல் விளிம்பை விரலால் தள்ளினால் நகரும். நெட்டுக்குத்தாக நிறுத்தித் தள்ளினால் கவிழும். ஈர்ப்பு மையம் உயர்ந்து அடிப்பரப்பு குறுகினால் நிலைப்புத்தன்மை குறையும் என்பது நாம் முன்பே படித்த பாடம்தான். அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஏறிச்சென்ற ஒரு வண்டியின் வரலாறே அப்பாடத்திற்கு விளக்கமாக அமைந்துவிட்டது. அவ்வண்டி ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்.

1980களில் ஃபோர்டு நிறுவனம் 'பிராங்கோ 2' என்ற வண்டியை விற்று வந்தது. இரண்டே கதவுகள், குட்டையான உடல். அதற்கு மாற்றாக 1990-இல் வந்ததே எக்ஸ்ப்ளோரர். நான்கு கதவுகள், உள்ளே தாராளமான இடம். ஆனால் அடியில் இருந்தது, ரேஞ்சர் என்னும் சிறு சரக்கு வண்டியையொட்டிய சேஸிஸ்! மேலே கார், கீழே லாரி எனலாம். சட்டமும் இதை இலகு லாரி என்றே கருதியது. 1996-இல் கார்கள் காலனுக்குச் சராசரியாக 27.5 மைல் ஓடவேண்டும் என்றிருக்க, இலகு லாரிகளுக்கு 20.7 மைலே போதுமானதாயிருந்தது. 1990களின் இறுதியில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட எக்ஸ்ப்ளோரர்கள் விற்பனையாயின.

இனி இயற்பியலுக்கு வருவோம். இடவலச் சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். சாதாரணக் கார்களுக்கு இவ்விகிதம் ஏறத்தாழ 1.3 முதல் 1.5 வரை வரும். இவ்வகை உயர வண்டிகளுக்கோ 1.0 முதல் 1.3 வரைதான். விகிதம் 1 என்றால், பக்கவாட்டு விசை வண்டியின் எடைக்குச் சமமானவுடனேயே ஒருபுறச் சக்கரங்கள் தரையை விட்டெழும் என்று பொருள். உண்மையில் வில்லும் டயரும் அமுங்குவதால் அதற்கும் முன்னரே எழுந்துவிடும்.

ஃபோர்டு நிறுவனம் இவ்வண்டியின் டயர்களுக்குப் பரிந்துரைத்த காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. காற்றுக் குறைந்த டயர் மெத்தென்று ஓடும். ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகம் நெளியும். நெளிந்த ரப்பர் மீளும்போது ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகிறது. காந்தவியலில் நாம் படித்த தயக்கத்திற்கு உறவுக்காரன் இவன்! பயரஸ்டோன் நிறுவனத்தின் சில டயர்களில், எஃகுக் கம்பிப் பட்டைகளுக்கு இடையிலுள்ள ரப்பர் விரிசல் கண்டு, வேகமாக ஓடும்போதே மேற்பட்டை உரிந்து பறந்தது. அரிசோனா, டெக்சாஸ் போன்ற வெப்பம் மிகுந்த மாநிலங்களில் இது அதிகம் நிகழ்ந்தது.

சவூதி அரேபியாவில் 1999-லேயே ஃபோர்டு டயர்களை மாற்றித்தரத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் 65 லட்சம் டயர்கள் திரும்பப்பெறப்படும் என்ற அறிவிப்பு வெளிவந்ததோ 2000 ஆகஸ்டில்! அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு வந்த புகார்களின்படி, இந்த டயர்களோடு தொடர்புடைய மரணங்கள் 271.

டயரே குற்றவாளி என்றது ஒரு நிறுவனம். வண்டியே குற்றவாளி என்றது மற்றது. ஏறத்தாழ நூறாண்டு வணிக உறவு 2001 மே மாதம் முறிந்தது. எக்ஸ்ப்ளோரர் தன் இனத்துப் பிற வண்டிகளைவிடக் கவிழும் இயல்புடையதன்று என 2002-இல் அரசு நிர்வாகம் கூறி, வண்டியைப் பற்றிய தனி விசாரணையை மறுத்தது. இனம் முழுவதுமே உயரமாயிருக்கும்போது இது என்ன ஆறுதலோ! டயர் கிழிந்தால் எவ்வண்டியும் தடுமாறும். தடுமாறியபின் நிமிர்ந்து நிற்குமா உருளுமா என்பதில் அந்த விகிதத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதே என் கருத்து.

2000 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம், வெளிநாடுகளில் வண்டியையோ டயரையோ திரும்பப்பெற்றால் அமெரிக்க அரசுக்கும் அறிவிக்க வேண்டும் என்றது. காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும் இச்சட்டத்தால்தான் கட்டாயமாயிற்று.

வண்டியும் மாறியது. 2002-ஆம் ஆண்டு மாதிரியில் சக்கரங்களின் இடைவெளி சுமார் இரண்டரை அங்குலம் கூடியது. பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கின. 2011 மாதிரியில் லாரிச் சட்டமே நீக்கப்பட்டு, கார்களைப்போல உடலே சட்டமாயிற்று. 2020 மாதிரியில் எஞ்சினின் விசை முன்போலவே முதன்மையாகப் பின்சக்கரங்களுக்குச் செல்லும் அமைப்பு திரும்பியது; லாரிச் சட்டம் மட்டும் திரும்பவில்லை.