திரை கருப்பாச்சா? கார்டை மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கருப்பாகிறது. கோடு கோடாக வருகிறது. சில நேரம் நீலத் திரை வந்து தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. கடையில் கேட்டால் "கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லக்கூடும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கார்டு நல்ல நிலையில் இருந்து, அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் குழம்பினாலும் இதே அறிகுறிகள் வரும். கார்டை மாற்ற ஆயிரக்கணக்கில் செலவாகும். டிரைவரைச் சரிசெய்யப் பைசா செலவில்லை.

கோளாறு எதில் என்று வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்தப் பாடம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும். மொபைலில் இந்தப் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யலாம்.

அவசர வேலை இருந்தால்

இன்றுதான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளா? ரிப்பேரைத் தள்ளிப்போடுங்க. மொபைலிலோ அருகிலுள்ள இ-சேவை மையத்திலோ விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள். பணம் கட்டும்போது திரை போயிருந்தால், வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸையும் விண்ணப்பத்தின் நிலையையும் பார்த்த பிறகே மறுபடி கட்டுங்கள்.

டிரைவர் ஏன் குழம்புகிறது?

விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது டிரைவரின் வேலை. கார்டிடமிருந்து சுமார் 2 நொடிக்குள் பதில் வராவிட்டால், விண்டோஸ் டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கும். திரை ஒரு கணம் கருப்பாகித் திரும்ப வருவது பெரும்பாலும் இதனால்தான். அந்த முயற்சியும் தோற்றால் நீலத் திரை வரும். அதில் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' போன்ற பெயர் இருக்கும். மறையும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள்.

குழப்பத்துக்கு வழக்கமான காரணங்கள் மூன்று. விண்டோஸ் அப்டேட் ஒரு பதிப்பைப் போட்டிருக்கும், கார்டு கம்பெனியின் ஆப் வேறொன்றைப் போட்டிருக்கும். அல்லது பழைய கார்டைக் கழற்றி வேறு கம்பெனி கார்டைப் போட்டும் பழைய டிரைவரின் மிச்சம் உள்ளே இருக்கும். மூன்றாவது, இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் லேப்டாப் கம்பெனி தந்த டிரைவருக்குப் பதிலாகப் பொதுவான டிரைவர் ஏறியிருக்கும்.

முதல் சோதனை: எப்போது வருகிறது?

பவர் பட்டனை அழுத்தியதும், கம்பெனி லோகோ வரும்போதே கோடும் புள்ளியும் தெரிகிறதா? அப்படியானால் டிரைவர் மேல் பழி போடாதீங்க. விண்டோஸ் தொடங்கிய பிறகுதான் டிரைவரே வேலைக்கு வரும். கேபிள், மானிட்டர், கார்டு இவற்றில்தான் கோளாறு. வேறு கேபிள் அல்லது வீட்டு டிவியில் இணைத்துப் பாருங்கள்.

விண்டோஸ் வந்த பிறகு மட்டும், அதுவும் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியது என்றால் டிரைவர் மேல்தான் முதல் சந்தேகம்.

கேம் ஆடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ மட்டும் மொத்தக் கம்ப்யூட்டரும் பட்டென்று அணைந்தால், சூட்டையும் பவர் சப்ளையையும் பாருங்கள்.

என்று தொடங்கியது என்று நினைவில்லையா? ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தேடினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். எந்த நாளில் என்ன அப்டேட் ஏறியது, எப்போது கிராஷ் ஆனது என்று தேதிவாரியாகக் காட்டும்.

படிப்படியாகச் சரிசெய்வது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். செய்தபின் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். நாலையும் சேர்த்துச் செய்தால் எதனால் சரியாச்சுன்னே தெரியாது.

1. திரை உறைந்து நின்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' ஆகிய நான்கு கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் வேலை பெரும்பாலும் போகாது. திரை திரும்பியதும் முதலில் சேவ் பண்ணுங்க.

2. புது அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதியைத் திறந்து, கார்டின் பெயரில் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டிரைவர்', 'ரோல் பேக் டிரைவர்' என்று போகவும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு சேமிப்பில் இல்லை என்று பொருள். திரும்பிய பிறகு விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் 'பாஸ்' செய்யுங்கள். பாதுகாப்பு அப்டேட்டும் அதோடு நிற்கும் என்பதால், பிறகு மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

3. அதற்கும் அடங்காவிட்டால் சேஃப் மோடில் பாருங்கள். ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்து, 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாகப் போய், ரீஸ்டார்ட் ஆனதும் 4-ஐ அழுத்துங்கள். பிட்லாக்கர் பூட்டு உள்ள கம்ப்யூட்டர் இந்த இடத்தில் 48 இலக்க ரெக்கவரி எண் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்னரே மொபைலில் பார்த்து எழுதிவையுங்கள். சேஃப் மோடில் கம்பெனி டிரைவர் இயங்காது. அங்கே திரை சுத்தமாக இருந்தால் டிரைவர்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கேயும் கோடு வந்தால் கார்டைச் சந்தேகிக்கலாம்.

4. டிரைவர்தான் என்று தெரிந்தால் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போடுங்கள். முதலில் சரியான டிரைவரை டவுன்லோடு செய்யுங்கள். லேப்டாப் என்றால் லேப்டாப் கம்பெனியின் தளம். டெஸ்க்டாப் என்றால் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியவற்றில் உங்கள் கார்டுக்குரிய தளம். பிறகு இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் நடுவில் புகுந்து தானாக ஒன்றைப் போட்டுவிடும். பழைய டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் ஆனதும் புதியதைப் போடுங்கள்.

5. சூடு, தூசி, பவர். டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் தனிக் கார்டின் வெப்பநிலை தெரியும். 85 டிகிரியையும் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஃபேன் சுற்றுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்யும் முன் பவர் கேபிளைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். காற்று அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரைதான் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்குத் தனி பவர் ஒயர் உண்டு. அது தளர்ந்திருந்தாலும் லோடு ஏறும்போது கம்ப்யூட்டர் அணையும்.

இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறார்கள்

"உங்க டிரைவர் பழசாயிடுச்சு, இப்பவே அப்டேட் பண்ணுங்க" என்று இணையதளங்களில் குதிக்கும் விளம்பரத்தைத் தொடாதீங்க. டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் தேவையில்லாத மென்பொருளும் வைரஸும் ஏறலாம். கார்டு கம்பெனியின் டிரைவர் இலவசம்தான்.

திரையில் எச்சரிக்கையோடு ஒரு போன் நம்பரும் வந்தால் அது போலி. மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்தியில் போன் நம்பர் இருக்காது. "நாங்க சரி பண்ணித் தர்றோம்" என்று யாராவது அழைத்து, திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். அதே கம்ப்யூட்டரில்தான் உங்கள் நெட் பேங்கிங்கும் ஆதார் நகலும் இருக்கின்றன. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு கூடும்.

கடைக்குப் போவதென்றால்

ஐந்து படியும் பார்த்த பிறகும் கோளாறு தொடர்ந்தால் கடைக்குப் போகத்தான் வேண்டும். போகும் முன் முக்கியமான கோப்புகளை நகல் எடுத்து வையுங்கள். கார்டின் சீரியல் நம்பரை போட்டோ எடுத்து, வாரன்டி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் "இந்தக் கார்டை வேற கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். அங்கேயும் அதே கோளாறு வந்தால் கார்டு போனது உறுதி. அங்கே நன்றாக ஓடினால் கோளாறு உங்கள் பவர் சப்ளையிலோ மதர்போர்டிலோ விண்டோஸிலோ இருக்கிறது. புதுக் கார்டு வாங்க வேண்டியதில்லை.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் பில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கார்டைக் குப்பையில் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள்.